தகப்பன்: தெரியாது

கோபன்ஹேகன்,
மார்ச் 6, 2011

அன்புள்ள டோர்கில் அண்ணாவுக்கு,

ரிக்மோர் எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் நாலாம் மாடி ஏறும்போது முனகுகிறது. உன் இருமல் விட்டதா? டீராவின் காதுப் புண் ஆறியதா? போனில் கேட்டால் "ம்", "ஆச்சு", "இங்க காத்து ஜாஸ்தி" என்று முடித்துவிடுவாய். காகிதம் என்றால் இரண்டு பக்கமாவது எழுதுவாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உன் டீரா போட்ட குட்டி வெர்னர் என்னிடம் வந்து ஏழு மாதமாகிறது. முப்பது கிலோ தாண்டிவிட்டான். தலையும் அகலம், மார்பு அதைவிட அகலம். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு மட்டும் அம்மாவைப் போல. பார்த்தால் பயில்வான். ஆனால் காற்றில் உருண்டு வரும் பலூனைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிகிறான். நீச்சல்குளத்தில் நான் ஊதும் விசிலை வீட்டு மேஜையில் வைத்தால் அன்று முழுக்க அந்த மேஜைப் பக்கம் போகமாட்டான்.

இதெல்லாம் தெருவுக்குத் தெரியாதே! வேலைக்குப் போகும்போது சைக்கிளின் முன்பெட்டியில் அவனை உட்காரவைத்து, மழைக்கு என் பழைய பச்சைத் தொப்பியை மாட்டிக் கூட்டிப்போகிறேன். சிக்னலில் நின்றால் பக்கத்து சைக்கிள்காரர்கள் "ஐயோ, என்ன அழகு! ரிட்டையர் ஆன வாத்தியார் மாதிரி உக்காந்திருக்கான்!" என்று கொஞ்சுகிறார்கள். பூங்கா வாசலில் அவன் பெட்டியிலிருந்து குதித்ததும் அதே ஆட்கள் குழந்தையை வாரிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார்கள். பெட்டிக்குள் இருந்தால் வாத்தியார், தரையில் நின்றால் ரௌடி.

போன கோடையில் பதிமூன்று ஜாதி நாய்களுக்குத் தடை வந்ததிலிருந்து இந்த ஊரில் எல்லோருமே நாய் நிபுணர்கள். பஸ்ஸில் இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் வாய் திறக்காத ஜனங்கள், வெர்னரைப் பார்த்தால் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

"இது என்ன ஜாதி?"

"கலப்பு."

"எதோட எது?"

"அம்மா பழைய டேனிஷ் வேட்டை நாய்."

"அப்பா?"

அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். பதிவுச் சீட்டில் உன் கையெழுத்தில் "தகப்பன்: தெரியாது" என்று இருக்கிறது. தெரியாது என்று நான் சொன்னதும் அவர்கள் இரண்டடி பின்னால் நகர்கிறார்கள். அது என்ன அண்ணா, தெரியாது? டீரா வட்டாரத்துக்கே ராணி. அவள் உன் கண்ணில் படாமல் கடற்கரை வரை போனது கிடையாது. சும்மாதான் கேட்கிறேன், தகப்பன் யார்?

டீராவின் நெற்றியில் என் முத்தம் ஒன்றை வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ரிக்மோர்


வோருபோர்,
மார்ச் 21

அன்புள்ள ரிக்மோர்,

கடிதம் வந்தது. இருமல் நின்றுவிட்டது. டீராவின் காது ஆறிவிட்டது. உன் முழங்காலுக்கு மருந்து கீழ்வீட்டுக்குக் குடிபோவதுதான், ஆனால் நீ கேட்கமாட்டாய்.

இங்கே மேற்குக் காற்று ஒன்பது நாளாக விடவில்லை. சினைமீன் காலம், ஆனால் படகுகளை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வட்டார வேட்டை நாய்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நல்லபடியாக நடந்தது. பத்தொன்பதாவது தடவையாக என்னையே தலைவராக்கிவிட்டார்கள். வம்சச் சுத்தத்தைக் காப்பதில் நம் பொறுப்பு என்று நாற்பது நிமிடம் பேசினேன். யாரும் தூங்கவில்லை.

வெர்னருக்கு ஈரல் விழுதை அளவாகக் கொடு. ரொட்டியில் நீ எவ்வளவு தடிமனாகத் தடவுவாய் என்று எனக்குத் தெரியும். நகம் வெட்டு. காதில் தண்ணீர் நிற்க விடாதே.

புகைபோட்ட கானாங்கெளுத்தி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். நான் போட்டதில்லை. கடற்கரையில் புகைமீன் கடை வைத்திருக்கும் ஆஸ்டா கொடுத்தது. புது உருளைக்கிழங்கோடு சாப்பிடு.

அன்புடன்,
டோர்கில்


கோபன்ஹேகன்,
ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலம் என்று நம்புகிறேன். நான் அரை நலம், ஏன் என்று கீழே எழுதுகிறேன். மீன் அபாரம். ஆஸ்டாவுக்கு என் நன்றியைச் சொல். வெர்னர் தோலை மட்டும் தின்றுவிட்டு அட்டைப்பெட்டியை மூன்று நாள் கட்டிப்பிடித்துத் தூங்கினான்.

வியாழக்கிழமை மாடிப்படியில் நாங்கள் இறங்கும்போது மூன்றாம் மாடி யூட்டா தன் குட்டைக்கால் டாஷ்ஹண்டோடு எதிரே வந்தாள். அதன் பெயர் நூசே, அதாவது செல்லக்கட்டி. செல்லக்கட்டி எகிறி வெர்னரின் காதைக் கவ்வி இழுத்தது. காது கிழிந்து படியெல்லாம் ரத்தம். வெர்னர் போட்ட கூச்சலில் எல்லாக் கதவும் திறந்தது. திறந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? மூஞ்சியெல்லாம் ரத்தத்தோடு ஒரு பயில்வான் நாய். கிழவியின் கையில் நடுங்கும் ஒரு குட்டி நாய்.

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்! அந்த மாதிரி நாய் என்னிக்காவது கடிக்கும்னு!" என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

"கடிச்சது இது இல்லைங்க, அது!" என்றேன்.

"அதுவா? அது இவன் சாப்பாட்டுத் தட்டு சைஸ்கூட இல்லையே!"

யூட்டா ஒரு வார்த்தை பேசவில்லை. நூசேயை அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாள் காலை நுழைவாயிலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "கட்டடத்தில் ஆபத்தான நாய் உள்ளது. உரிமையாளர் யோசிக்கவும். அன்பான வணக்கங்களுடன், குடியிருப்போர்." திட்டுவதற்கும் அன்பான வணக்கம் போடுகிற ஊர் இது!

வெர்னருக்கு நாலு தையல். ஊசி போடும்போது டாக்டரின் கையை நக்கிக்கொண்டிருந்தான். இப்போது படியில் யூட்டாவின் கதவு வந்தால் சுவரோடு ஒட்டி நடக்கிறான்.

போன கடிதத்தில் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்தாயா, மழுப்புகிறாயா?

அன்புடன்,
ரிக்மோர்


வோருபோர்,
மே 4

அன்புள்ள ரிக்மோர்,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கொட்டகைக் கூரையைச் சரிசெய்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெர்னரின் தையல் பிரித்தாயிற்றா? டாஷ்ஹண்ட் விஷயத்தில் எனக்கு ஆச்சரியமில்லை. என்னை வாழ்க்கையில் மூன்று முறை நாய் கடித்திருக்கிறது, மூன்று முறையும் முழங்காலுக்குக் கீழே உயரமுள்ள நாய்தான்.

ஈஸ்டருக்கு வெயில் நன்றாக இருந்தது. நான் கடற்கரையில் வடக்கே கலங்கரை விளக்கு வரை நடந்தேன்.

தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாய்க்கு யார் பெற்றது என்பது பெரிய விஷயமில்லை. வளர்ப்புதான் எல்லாம்.

டீரா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
டோர்கில்


கோபன்ஹேகன்,
மே 20

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நன்றாக இரு.

செவ்வாய்க்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், பூட்ஸைக்கூட வாசலில் கழற்றினார்கள். வெர்னரின் தலையை நாடா வைத்து அளந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள். அவன் அளவெடுத்தவரின் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

"படியில கடிச்சது இவன் இல்லீங்க," என்றேன்.

"கடிச்சது யாருங்கறது எங்க கேள்வியே இல்லைம்மா. என்ன ஜாதிங்கறதுதான் கேள்வி. தடை செஞ்ச ஜாதி மாதிரி தெரியுது. இல்லைன்னா இல்லைன்னு நீங்கதான் காட்டணும்."

"அம்மாவோட சான்றிதழ் இருக்கே!"

"பாதி சரியா போச்சு. மீதிப் பாதி? 'தெரியாது'ன்னு எழுதியிருக்கே."

ஜூன் பதினாறாம் தேதிக்குள் தகப்பன் யார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சந்தேகம் அவர்களுக்கு, நிரூபிக்க வேண்டியது நான். அதுவரை தெருவில் வாய்ப்பூட்டு போட்டுத்தான் கூட்டிப்போகலாம். வெர்னர் அதை மாட்டிக்கொண்டு, தான் என்ன தப்புச் செய்தோம் என்று என்னைப் பார்க்கிறான். எனக்கு அழுகை வருகிறது.

அவனுக்கு வாய்ப்பூட்டு போட்டது போலீஸ். உனக்குப் போட்டது யார்? நாலு முறை போன் செய்தேன். "காத்து இரைச்சல், சரியா கேக்கல"யாம்! வம்சம் வம்சம் என்று பத்தொன்பது வருடம் மேடையில் முழங்கியவன் திடீரென்று "வளர்ப்புதான் எல்லாம்" என்று எழுதினால் நான் நம்ப வேண்டுமா? இன்னொன்று. போன கடிதத்தில் "நாங்கள் கடற்கரையில் நடந்தோம்" என்று எழுதி, அடித்து, மேலே "நான் நடந்தேன்" என்று திருத்தியிருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். அது என்னவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது ஒரே பதில். தகப்பன் யார்?

ரிக்மோர்


வோருபோர்,
மே 25

ரிக்மோர்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாயை யார் கேட்டாலும் ஒப்படைக்காதே. பதினாறுக்குள் பதில் வரும். அதற்கு முன்னால் நான் ஒருவரிடம் பேசியாக வேண்டும். தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

காற்று மேற்கிலிருந்து. டீரா நலம்.

டோர்கில்


கோபன்ஹேகன்,
மே 30

அண்ணா,

இரண்டு பக்கம் எதிர்பார்த்தேன், ஏழு வரி வந்தது. அதில் ஒரு வரி காற்றுக்கு! யாரிடம் பேச வேண்டும்? எதற்குத் தைரியம்? வடகடலில் அலை உடைகிற இடத்தில் படகு தள்ளியவன் நீ. உன் சங்கத்தில் நாலு கிழவர்கள் சிரிப்பார்கள் என்று பயமா? அவர்கள் சிரிப்பு பெரிதா, இவன் உயிர் பெரிதா?

கோபத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று யூட்டா கதவைத் தட்டினாள். கையில் ஆப்பிள் கேக்.

"போலீஸ் வந்துச்சாமே," என்றாள்.

"வந்துச்சு."

"என்னாலதான். அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும். கடிச்சது நூசேன்னு வெளிய தெரிஞ்சா என்னைக் கேவலமா பாப்பாங்களேன்னு பேசாம இருந்துட்டேன். எனக்கு எழுபத்தி நாலு வயசு ரிக்மோர், எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்."

"எனக்கும் இவன் ஒருத்தன்தான்," என்றேன்.

அவள் அழுதாள், நானும் அழுதேன், நாங்கள் மும்முரமாக அழுதுகொண்டிருந்த சமயத்தில் வெர்னர் கேக்கில் பாதியை முடித்துவிட்டான். இன்று காலை நுழைவாயிலில் பழைய காகிதம் இல்லை. புதிது ஒட்டியிருக்கிறது: "கடித்தது என் நூசே. இதுவரை மூன்று தபால்காரர்களையும் கடித்திருக்கிறாள். அன்பான வணக்கங்களுடன், யூட்டா, மூன்றாம் மாடி." அதன் கீழே பதினோரு வீட்டார் வெர்னர் நல்ல நாய் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் மாடிக்காரரும்கூட.

போலீஸுக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷம் என்றார்கள். ஆனால் அவர்களுக்கு நல்லவன் என்ற சான்று வேண்டாம், தகப்பன் பெயர்தான் வேண்டும் என்றார்கள். இன்னும் பதினேழு நாள் இருக்கிறது அண்ணா. எழுபத்து நாலு வயதில் ஒருத்தி கதவில் எழுதி ஒட்டிவிட்டாள். நீ எனக்கு ஒரு காகிதத்தில் எழுதினால் போதும்.

ரிக்மோர்


வோருபோர்,
ஜூன் 7

அன்புள்ள ரிக்மோர்,

இன்று வெர்னரின் முதல் பிறந்தநாள். அதனால் நம் வழக்கப்படி முற்றத்தில் கொடி ஏற்றியிருக்கிறேன். நான் நலம், மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, நேற்று தூங்கினேன்.

தகப்பன் பெயர் ரூடி. ஐந்து வயது பாக்ஸர். தடைப்பட்டியலில் இல்லாத ஜாதி. மூன்று தலைமுறைப் பத்திரம் உள்ளவன். ஆஸ்டாவின் நாய்.

நடந்தது போன வருடம் ஈஸ்டர் திங்கட்கிழமை. ஆஸ்டா மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். நீ ஈஸ்டர் சாப்பாட்டை அறிவாய். பன்னிரண்டுக்கு மீனில் தொடங்கி, முட்டை, இறைச்சி, பாலாடைக்கட்டி என்று போய், நடுநடுவே சின்னக் கோப்பையில் சாராயம், மாலை காபியில்தான் முடியும். டீரா பருவத்தில் இருந்தாள். இரண்டு நாள் முன்பே அது முடிந்துவிட்டது என்று நான் நாள் எண்ணி வைத்திருந்தேன். பத்தொன்பது வருடத் தலைவரின் கணக்கு. இருந்தாலும் எச்சரிக்கையாக அவளை ஆஸ்டாவின் துணி துவைக்கும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ரூடிக்குக் கதவுப் பிடிய அழுத்தித் திறக்கத் தெரியும்," என்று ஆஸ்டா சொன்னாளாம். நான் கேட்கவில்லை. அவள் பேசும்போது நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குத்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டும் துவைத்த துணிகளின் மேல் ஒன்றையொன்று ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தன.

குட்டிகள் பிறந்ததும் பதிவுப் படிவத்தில் தகப்பன் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "பாக்ஸர்" என்று எழுதினால் சங்கத்தில் கேட்பார்கள், யாருடைய பாக்ஸர், எங்கே, எப்படி, நீ எங்கே இருந்தாய்? "தெரியாது" என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் அது. அது உன் நாயின் கழுத்துக்கு வந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

சங்கத்துக்குப் பயந்தேன் என்பது பாதிதான். மீதியையும் சொல்கிறேன். எல்லென் என் மனைவியாவதற்கு முன்பே உன் பள்ளித் தோழி. அவள் போய் நாலு வருடம்தான் ஆகிறது. நான் இன்னொருத்தி வீட்டு மேஜையில் ஐந்து மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

தைரியம் வேண்டியிருந்தது ஆஸ்டாவிடம் பேசத்தான். ஆதாரம் என்றால் அவளும் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது நான் எழுதிய வார்த்தை அவளுக்குத் தெரியவரும். தெரிந்தது.

"தெரியாதா?" என்றாள். "என் ரூடி என்ன, ஊர் பேர் தெரியாத நாயா? அன்னிக்கு என் வீட்ல சாப்பிட்டது யாரு, அதுவும் தெரியாதா?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கடைக்குப் போனால் வரிசையில் நிற்கவைத்து, பெயர் தெரியாத வாடிக்கையாளரைக் கேட்பது போல "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். மூன்றாம் நாள் வரிசையில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "சரி, கொண்டா பேனாவ," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டி எழுந்து நின்று சொல்லிவிட்டேன். பிறகு பொருளாளர் எழுந்தார். "எங்க வீட்டுல தொண்ணூத்தெட்டுல ஒரு லாப்ரடார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். செயலாளர் வீட்டில் செம்மறி மேய்க்கும் நாயாம். மொத்தம் ஐந்து பேர் வீட்டில் இதே கதை. தலைவர் பதவியை ராஜினாமா செய்தேன். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, வேறு யாருக்கும் தகுதி இல்லையாம்.

ரூடியின் பத்திரம், படம், நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட வாக்குமூலம் எல்லாம் இந்த உறையில் இருக்கின்றன. ஆஸ்டாவோடு அவ்வப்போது காபி குடிக்கிறேன். அவ்வளவுதான்.

வெர்னருக்கு இன்று ஈரல் விழுதைத் தடிமனாகவே தடவு.

அன்புடன்,
டோர்கில்


கோபன்ஹேகன்,
ஜூன் 17

என் அன்பு அண்ணாவுக்கு,

வெர்னர் நலம்! நான் நலம்! முழங்கால்கூட நேற்று முனகவில்லை. வாய்ப்பூட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று காலை காகிதங்களோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வெர்னரும் பெட்டியில் பச்சைத் தொப்பியோடு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் போலீஸ். ஒவ்வொரு தாளாக நிதானமாகப் படித்தாள். வாக்குமூலத்தில் "துவைத்த துணிகளின் மேல்" என்ற இடத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரு கட்டம் மட்டும் வெறுமையா விட்டிருக்காரே. ரெண்டு நாயோட சொந்தக்காரங்களும் ஒருத்தருக்கொருத்தர் என்ன உறவு? சாட்சி சொல்றவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியணும்."

"அதத்தான் நானும் மூணு மாசமா தெரிஞ்சுக்கப் பாக்கறேன்," என்றேன்.

"இது நிரப்பாம முத்திரை போட முடியாதும்மா."

"இன்னிக்குத்தான் கடைசி நாள்!"

"நம்பர் குடுங்க."

உன் கைபேசிக்கு அடித்தாள். மணி பத்தே முக்கால். நீ எடுத்தாய். அவள் தன் பெயரைச் சொன்னாள், கேள்வியைக் கேட்டாள். பிறகு காத்திருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ காற்று இரைச்சல் என்று சொல்லி வைத்துவிடுவாயோ என்று பயந்தேன். வெர்னரின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள். மறுபடி காத்திருந்தாள். பிறகு "சரி. நன்றி. இனிய நாள்," என்று சொல்லி வைத்துவிட்டு, கட்டத்தில் ஒரு வார்த்தையை எழுதி முத்திரையை ஓங்கிக் குத்தினாள். வெர்னர் அந்தச் சத்தத்துக்கு மேஜைக்கடியில் புகுந்துகொண்டான்.

"பயங்கரமான நாய்தான்," என்றாள் அவள், குனிந்து பார்த்து.

தாளை என் பக்கம் திருப்பினாள். கட்டத்தில் "காதலி" என்று இருந்தது.

அண்ணா, நான் அங்கேயே சத்தம் போட்டுச் சிரித்தேன், கண்ணீர் வர வர. அறுபத்து நாலு வயதில் நீ அந்த வார்த்தையை ஒரு போலீஸ்காரியிடம் சொல்லியிருக்கிறாய்! எல்லென் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் தெரியுமா? இத்தனை வருடமும் நீ தனியாக நின்றுகொண்டு அடுப்படியில் சாப்பிட்டாயே, அதற்காக உன்னை உதைத்திருப்பாள். அதைத் தெரிந்தும் பேசாமல் இருந்ததற்கு என்னையும் உதைத்திருப்பாள். எனக்கு வருத்தமே இல்லை. நீ சிரித்தாய் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

கீழே யூட்டா காத்திருந்தாள். பதினோரு வீட்டாரும் முற்றத்தில் காபி போட்டார்கள். நூசே யாரையும் கடிக்கவில்லை, மேஜைக்காலைத் தவிர. பூங்காவில் ஒருவர் வழக்கம்போல நிறுத்தி, "அப்பா என்ன ஜாதி?" என்று கேட்டார். பெயர், வயது, ஊர், பத்திர எண், எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

ஆகஸ்டில் வருகிறோம், வெர்னர் தன் அப்பாவைப் பார்க்க வேண்டும். ஆஸ்டாவுக்கு என் அன்பு. அவளுக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது, அவள் எழுதினாலும் சரி.

உன் தங்கை,
ரிக்மோர்


வோருபோர்,
ஜூன் 24

அன்புள்ள ரிக்மோருக்கு,

நாம் இன்னும் பார்த்துக்கொண்டதில்லை. உங்கள் கடிதத்தை டோர்கில் என்னிடம் கொடுத்தார். படித்துக் காட்டவில்லை, மேஜையில் வைத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். நீங்களும் வெர்னரும் நலமாக இருப்பதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ரூடிக்குச் செய்தியைச் சொன்னேன், அவன் தூங்கிவிட்டான். நேற்று கடற்கரையில் கோடைத் திருநாள் நெருப்பு மூட்டினோம், ஊரே வந்திருந்தது. என் முதுகுவலி பரவாயில்லை.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். போலீஸ் போன் வந்தபோது அவர் என் கடையில்தான் இருந்தார், புகை அறையில் எனக்கு மீன் மாட்டிக் கொடுத்துக்கொண்டு. பதினான்கு மாதமாக அவர் என்னை ஊரில் யாருக்காவது அறிமுகம் செய்தால் ஒரே மாதிரிதான்: "இவங்க ஆஸ்டா. மீன் கடை." பாதிரியாரிடமும் அதே. என் சொந்த மகனிடமும் அதே. நானும் கேட்டதில்லை. எனக்கும் அறுபத்து ஒன்று ஆகிறது, கேட்டு வாங்குகிற விஷயமா அது? ஆனால் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் சுருக்கென்று இருக்கும். பதிவுச் சீட்டில் ரூடிக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்கிறது என்று அந்த மூன்று நாளும் அழுதேன்.

அன்று அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மாட்டியிருந்த மீனையெல்லாம் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார். கடையில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோருக்கும் கேட்டது.

போனைப் பையில் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுத்த மீனை எடுத்தார். என் கையிலிருந்த கத்தி கீழே விழுந்துவிட்டது.

"டோர்கில்," என்றேன், "நீ இப்ப என்ன சொன்ன?"

அவர் திரும்பவில்லை. "போலீஸ்கிட்டப் பொய் சொல்ல முடியுமா, ஆஸ்டா?" என்றார்.

ஆகஸ்டில் கட்டாயம் வாருங்கள், மீன் எடுத்து வைக்கிறேன்.

உங்கள்,
ஆஸ்டா